பனிவீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள்

முறுக்கு சுடுவதற்குப் பத்தாயிரத்தில் இரண்டு. ஈரக்காலோடு மாடிப்படி இறங்குவதற்கு ஐந்து. சன்னல் கண்ணாடியை வெளியே நின்று துடைப்பதற்குப் பத்தொன்பது. மங்கையர்க்கரசி என்னை மணந்து இந்த வீட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரத்திலேயே இந்த எண்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. பூஜ்யம் வராத எதையும் அவள் செய்வதில்லை. அதனால் எங்கள் வீட்டில் முறுக்கு கிடையாது.

வீடு இருப்பது கனடாவின் சமவெளியில், பொட்டாஷ் உப்பு தோண்டுகிற ஒரு சிறிய ஊரில். சுரங்கத்தின் எந்தத் தளத்தில் எவ்வளவு காற்று ஓடுகிறது என்று அளந்து எழுதுவது என் வேலை. மங்கைக்கும் எனக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில். அவள் முதல் கணவர் வேலாயுதம் நான்கு வருடங்களுக்கு முன், கூரையில் சேர்ந்த பனியைத் தள்ள ஏணி வைத்து ஏறியவர், தவறி விழுந்து இறந்துபோனார். அடுத்த மாதமே மங்கை ஒத்திகைப் பெட்டியை வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டினாள். சாம்பல் நிறம், ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு. இந்த ஊரில் பாதி வீடுகளில் அது உண்டு.

அது என்ன செய்யும் என்று நான் கேட்டபோது மங்கை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு காரியம் செய்யப் போறீங்கன்னு வைங்க. இந்த வீட்டையும் நம்மளையும் அது அப்படியே உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு, அந்தக் காரியத்தப் பத்தாயிரம் தடவ நடத்திப் பாக்கும். எத்தன தடவ உசிரு போச்சுன்னு கடைசில சொல்லும்."

"பத்தாயிரத்துல ஒரு தடவன்னா கூடவா செய்ய மாட்ட?"

"உசிரு ஒரு தடவதான போவும்" என்றாள்.

மங்கையின் மகள் நன்முல்லைக்குப் பத்து வயது. எனக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் நான் வந்து ஒன்றரை வருடமாகியும் அவள் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்று தொடங்குவாள், இல்லாவிட்டால் தாயைப் பார்த்து "அவங்க சாப்ட்டாச்சா?" என்பாள். மரியாதையில் குறை வைக்க மாட்டாள். அந்த மரியாதைதான் எங்கள் இருவருக்கும் நடுவில் மேசை போல நின்றது. சித்தப்பா என்றாவது சொல்லச் சொல்லி மங்கை ஒருமுறை கடிந்துகொண்டபோது, நானே வேண்டாம் என்றேன். வேலாயுதத்தின் படத்துக்கு மாலை மாற்றுகிறவள் அவள். அவள் கணக்கு அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி தொடக்கத்தில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. பள்ளியிலிருந்து வந்த முல்லை, தன் வகுப்பில் பனிவீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்காதவள் தான் ஒருத்திதான் என்று அறிவித்தாள். எல்லார் வீட்டுக் கொல்லையிலும் கட்டிவிட்டார்களாம். பனியை மலையாகக் குவித்து உள்ளே குடைந்தால் ஒரு குகை; உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். நான் கட்டித் தருகிறேன் என்றேன், கொஞ்சம் அவசரமாகவே. என்னிடம் அவளுக்கு வேண்டிய ஒன்று இருப்பது அதுதான் முதல் தடவை.

மங்கை சுவரைக் காட்டினாள். "பூஜ்யம் வரட்டும், கட்டுங்க."

பெட்டி நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. "நாற்பத்தொன்று" என்றது.

யார் இறந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருக்கும். உள்ளே இருக்கப் போகிறவள் குழந்தை. அவள் பெயரை அந்தப் பெட்டியின் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எண்ணை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு, அதைக் குறைக்கும் வேலையில் இறங்கினேன்.

பத்து நாள் அதே வேலை. சாலைப் பக்கம் கட்டினால் பனி அள்ளும் வண்டி மோதும், ஆகவே கொல்லையின் நடு. வீட்டுக் கூரையின் பனி சரிந்து மேலே விழக் கூடாது, ஆகவே சுவரிலிருந்து பதினைந்து அடி. வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம், தரைமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக. உச்சியில் முஷ்டி நுழையும் அளவு ஒரு காற்றுத்துளை. இது சுரங்கத்தில் நான் தினமும் பார்க்கிற பாடம், பெட்டி சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறி வெப்பம் பூஜ்யத்தைத் தாண்டும் நாளில் கட்டுவதில்லை. ஓர் ஆள் எப்போதும் மண்வெட்டியோடு வெளியே. இத்தனையும் சேர்த்தும் எண் பதினேழில் நின்றது.

பிரச்சினை குடைவதில் இருந்தது. உள்ளே தலையை விட்டுத் தோண்டும்போதுதான் கூரை விழுகிறது. இரண்டு நாள் யோசித்தேன். பரணில் பொன்னி அரிசிச் சாக்குகள் இருபதுக்கு மேல் கிடந்தன. இலையுதிர்காலத்தில் கூட்டி வைத்திருந்த காய்ந்த இலைகளை அவற்றில் அடைத்து அடுக்கி, மேலே பனியைக் குவித்து, அது இறுகிய பிறகு வாசல் வழியே சாக்குகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இழுத்துவிட்டால், குடைய வேண்டியதே இல்லை. சுவர் எங்கும் ஒரே தடிமனா என்று பார்க்க, குச்சிகளை வெளியிலிருந்து ஓரடி ஆழத்துக்குக் குத்தி வைத்தால் உள்ளே அவற்றின் முனை தெரியும்.

"மூன்று" என்றது பெட்டி.

முல்லை அதைக் கேட்டுவிட்டு, "அரிசிச் சாக்கா?" என்று சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று குறித்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று மட்டும் நகரவே இல்லை. சுவரைத் தடிப்பாக்கினேன், மெலிதாக்கினேன், வாசலை அகலமாக்கினேன். மூன்று மூன்றாகவே இருந்தது. மங்கை தலையை ஆட்டினாள். நான் தாளை மடித்து வைத்த அன்று மாலை, முல்லை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று பெட்டியிடம் பேசினாள்.

"நானும் அம்மாவும் வாசல் பக்கம் கால நீட்டிப் படுத்திருக்கோம். ரெண்டு பேர் கணுக்கால்லயும் கயிறு. அவங்க வெளிய நிக்காங்க. அவங்க உள்ள வரவே கூடாது. அப்படி வச்சு ஓட்டு."

"எந்தச் சூழ்நிலையிலும் வரக் கூடாதா?" என்று பெட்டி கேட்டது.

"என்ன ஆனாலும். அவங்க சத்தியம் பண்ணுவாங்க."

"அந்தச் சத்தியத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?"

முல்லை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். "சத்தியம்" என்றேன்.

"முழுசா நம்பலாம்" என்றாள் பெட்டியிடம்.

"பூஜ்யம்."

மங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் கொட்டகைக்குப் போய், ஏற்கெனவே கூர்மையாக இருந்த மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மங்கை பின்னாலேயே வந்து, சின்னப் பிள்ளை, தனக்கென்று ஓர் இடம் கேட்கிறாள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். எனக்கென்ன, பூஜ்யம் வந்தால் சரி என்றேன். அன்று அவள் போட்ட தேநீரில் சர்க்கரை இரண்டு கரண்டி கூடுதலாக இருந்தது. நான் கட்டப் போகும் வீட்டில் எனக்கு மட்டும் இடம் இல்லை என்று வருந்துகிறவனுக்கு வேறு என்னதான் தர முடியும்.

வெள்ளிக்கிழமை குவித்தோம். ஆளுயரம் வந்ததும் மண்வெட்டியின் முதுகால் தட்டி, ஓர் இரவு இறுக விட்டோம். சனிக்கிழமை காலை, பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி. வானம் கழுவிவிட்டாற்போல் நீலம். சாக்குகள் ஒவ்வொன்றாக வாசல் வழியே வெளியே வர, முல்லை எண்ணினாள். கடைசிச் சாக்கு வந்ததும் நான் கைவிளக்கை உள்ளே காட்டினேன். நீல வெளிச்சத்தில் குச்சி முனைகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் எட்டிப் பார்த்தன. உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு நேர்த்தியான வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

கயிறுகளைக் கட்டினேன். முதலில் முல்லை, பின் மங்கை, தலையை முன்னால் விட்டு ஊர்ந்து உள்ளே போனார்கள். மங்கை கையில் ஒரு துணிப்பை இருந்தது. தின்பதற்கு ஏதோ என்று நினைத்தேன்.

கால்மணி நேரம் எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே இருவரும் பேசிச் சிரிப்பது பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. உச்சித் துளையிலிருந்து அவர்கள் மூச்சு மெல்லிய ஆவியாக எழுந்து கலைந்தது. அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காற்றைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். பிறகு அது கொஞ்சம் கனமானது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது.

"மங்கை, தொளைய என்ன பண்ணின?"

"மப்ளர வச்சு அடச்சேன். காத்து அடிச்சு தீ அணையுது" என்று குரல் வந்தது.

"தீயா?"

"பால் காச்சுதேன். ஒரு நிமிசம், பொங்கப் போவுது."

புது வீட்டில் பால் பொங்காமல் குடியேறக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்குப் பின்னால் மங்கைக்கு ஒரு காரணம் இருந்தது. அன்று மாலைதான் சொன்னாள். இந்த வீட்டுக்கு அவளும் வேலாயுதமும் வந்தது ஒரு கடும்பனி நாளில். சாமான் வண்டி தாமதமாகி, அடுப்பு இல்லாமல், பால் காய்ச்சாமலேயே படுத்துவிட்டார்களாம். மூன்றாம் வருடம் அவர் போய்விட்டார். அதை அவள் யாரிடமும் சொல்லியதில்லை. பெட்டியிடம் கூட. முகாம்களில் பயன்படுத்தும் சின்ன எரிவாயு அடுப்பையும் ஒரு பித்தளைச் செம்பையும் பைக்குள் மறைத்துக் கொண்டுபோயிருந்தாள்.

அடைத்த இடத்தில் அடுப்பு எரிந்தால் வாசனையே இல்லாமல் என்ன விஷவாயு சேரும் என்பது சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்குச் சொல்லித் தர வேண்டாம். அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். பதில் வரவில்லை. முல்லையைக் கூப்பிட்டேன். "தல வலிக்கு" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். அப்போதுதான் குச்சிகளைக் கவனித்தேன். சுவரில் முடி போல நேராக நின்றவை, உச்சிப் பக்கம் மட்டும் உள்நோக்கிச் சாய ஆரம்பித்திருந்தன. கூரை இளகிக்கொண்டிருந்தது.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டேன். சத்தியமோ கயிறோ எதுவும் அப்போது நினைவில் இல்லை. தலையும் தோளும் வாசலுக்குள் போய்விட்டன. எதிரே இரண்டு சின்னக் காலணிகள் தெரிந்தன. கையை நீட்டினேன்.

வலது காலணி என் மூக்கில் வந்து இறங்கியது.

தற்செயலாகப் பட்டதில்லை. மறுபடியும் ஓங்கியது. "வராதீங்க!" என்று முல்லை வீறிட்டாள். "கயித்த இழுங்க! வராதீங்க!"

கண்ணில் நீர் முட்டப் பின்னால் வந்தேன். வெளியே கயிறு பனியின்மேல் சுருண்டு கிடந்தது. இழுத்தேன். முல்லை குப்புற வழுக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த கயிறு கனத்தது. காலை ஊன்றி, முல்லையும் பின்னால் பிடித்துக்கொள்ள, இருவருமாக இழுத்தோம். மங்கை வெளியே வந்தாள், முகம் சிவந்து, கண் பாதி மூடி. கையில் செம்பு அப்படியே இருந்தது.

அவளைப் புரட்டி நிமிர்த்தியபோது பனிவீடு பெருமூச்சுவிடுவதுபோல் ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. பெரிய ஓசை ஒன்றும் இல்லை. இருந்த இடத்தில் ஒரு பள்ளம், வாசல் இருந்த பக்கம் பால் சிந்திய கறை.

மங்கை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "பொங்கிருச்சு, பாத்தீங்களா?" என்றாள். சிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஊர்ச் சுகாதார நிலையத்தில் இருவருக்கும் மூன்று மணி நேரம் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் வேறு கதை என்று மருத்துவர் சொன்னார். என் மூக்கைப் பார்த்து, உடையவில்லை என்றார். எப்படிப் பட்டது என்று அவர் கேட்டதற்கு, வாசலில் இடித்துக்கொண்டேன் என்றேன். முல்லை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை வீடு திரும்பியதும் மங்கை கோட்டைக் கூடக் கழற்றாமல் பெட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"பூஜ்யம்னு சொன்னியே."

"நீங்கள் சொன்ன விவரங்களுக்குப் பூஜ்யம்" என்றது பெட்டி. "பனிவீட்டுக்குள் யாரும் பால் காய்ச்சுவார்கள் என்ற தகவல் என்னிடம் இல்லை. எதற்காகக் காய்ச்சினீர்கள்?"

மங்கை விளக்கத் தொடங்கினாள். புது வீடு, பால், பொங்கினால் நல்லது, கிழக்குப் பக்கம் பொங்கினால் இன்னும் நல்லது. பெட்டி பொறுமையாகக் கேட்டது. பாதியில் பேச்சு வேலாயுதத்தைப் பற்றித் திரும்பிவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, வந்த நாள் முதல் சொல்லாததை எல்லாம் சொல்லி அழுதாள். பெட்டிக்குச் சொல்ல ஆரம்பித்தவள், முடிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது பூஜ்யம்னு சொன்னதும் நான் யோசிக்கதையே விட்டுட்டேன்" என்றாள் கடைசியாக. "அடுப்ப உள்ள கொண்டுபோவலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்."

அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் சமையலறைக்கு வந்தேன். முல்லை மேசையருகே உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"சத்தியம் பண்ணீங்கல்லா" என்றாள்.

"பண்ணினேன்."

"பின்ன ஏன் வந்தீங்க?"

நான் வருவது அவளுக்குப் பிடிக்காது என்று தெரியும், மறந்துவிட்டேன் என்றேன். அப்படிச் சொன்னதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. கணக்குத் தப்பாகப் போட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"பிடிக்காதுன்னு யாரு சொன்னா?" என்றாள். "பெட்டி நாப்பத்தொண்ணுன்னு சொன்னதுக்கு மறுநாளு, நீங்க வேலைல இருந்து வாரதுக்கு முன்ன, நான் பெட்டிட்ட வேற ஒண்ணு கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"கூர விழுந்தா அவங்க உள்ள வருவாங்களான்னு."

நான் நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்தேன்.

"பத்தாயிரத்துல அறுநூத்திப் பன்னெண்டு தடவ கூர விழுந்துச்சு. அறுநூத்திப் பன்னெண்டு தடவையும் வந்தீங்க. ஒரு தடவ கூட நிக்கல." அவள் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "நாப்பத்தொண்ணுன்னு சொல்லிச்சுல்லா. அது நான் இல்ல. அம்மாவும் இல்ல. எல்லாமே நீங்கதான். என்ன வெளிய தள்ளிட்டு நீங்க உள்ள மாட்டிக்கிடுவீங்க. கடைசில மூணு நின்னுச்சே, அதுவும் நீங்கதான். அதான் வரக் கூடாதுன்னேன்."

"உனக்கெப்படித் தெரியும், தள்ளிட்டு மாட்டிக்கிட்டேன்னு?"

"கேட்டா படமாக் காட்டும்."

"எத்தன பாத்த?"

"நாப்பத்தொண்ணும்."

பத்து வயதுப் பிள்ளை, பள்ளிவிட்டு வந்து, பால் குடித்துவிட்டு, அந்த நாற்காலியில் ஏறி நின்று, ஒருவன் சாவதை நாற்பத்தொரு தடவை பார்த்திருக்கிறாள். பார்க்காதே என்று தடுக்க அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் அதே பெட்டியிடம் பத்து நாள் கேள்வி கேட்டேன். அவள் தைரியமாகக் கேட்டதை மட்டும் கேட்காமல் விட்டேன்.

"இனிமே அதெல்லாம் பாக்காத" என்றேன். "என்ன வேணும்னாலும் என்கிட்டயே கேளு."

"உங்ககிட்ட கேட்டா வருவேன்னுதான் சொல்லுவீங்க" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

எழுந்துபோய் ஃப்ரீஸரைத் திறந்து, உறைந்த பச்சைப் பட்டாணிப் பையை எடுத்து, கைத்துண்டில் சுற்றினாள். என் பக்கமாக வந்து நின்று, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, மூக்கின்மேல் வைத்து அழுத்தினாள். வலித்தது.

"அறுநூத்திப் பதிமூணு" என்றாள்.